B4 இருக்க வேண்டிய இடத்தில் B5

மராத்தி பேசும் எங்கள் ஊரின் கோந்த்வா பகுதியில், ஒரு ஃப்ளாட்டில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். எல்லாரும் ஐ.டி. கம்பெனிக்காரர்கள், சென்னை, கோயம்புத்தூர்ப் பக்கம். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு லீவு நாளிலும் அதையே செய்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், லீவு நாளில் அவர்கள் தொடுவது நாற்பது வருஷத்துப் பழைய சிப்புகளை. அசெம்ப்ளி மொழியில் எழுதி, ஒரு சின்னத் திரையில் பந்து ஒன்றைக் குதிக்க வைத்துவிட்டு, ஏதோ வீட்டுக் குழந்தை நடக்க ஆரம்பித்த மாதிரி கைதட்டிக்கொள்கிறார்கள். இதே வேலையை முப்பது வருஷம் சம்பளத்துக்குச் செய்த ஒருத்தி கட்கியில் இருக்கிறாள் என்று யாரோ சொல்லி என்னையும் கூப்பிட்டார்கள்.

போனேன். டீ, பாகர்வடி, நிறையப் பேச்சு. அதில் கார்த்திக் என்று ஒருவர் புலம்பினார். "ஒரு # போட மறந்துட்டனுங்க ஆன்ட்டி. ரெண்டு நாள் போச்சு. அந்த அசெம்ப்ளர் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"உங்களுக்கு இப்படி ஆயிருக்குங்களா?"

"ஆயிருக்கு."

"எத்தனை நாள் போச்சுங்க?"

டீ ஆறிவிடும் என்று சாக்குச் சொல்லிக் கப்பை எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது தமிழ்ச் சங்க மலருக்கு என் வேலை அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். அங்கே சொல்லாத பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த # என்ன என்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், இதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சிப்புக்குள் இருக்கும் நினைவகத்தை ஒரு வரிசை வீடுகளாக நினைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் இருந்த ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் மாதிரி. ஒவ்வொரு வீட்டுக்கும் நம்பர் உண்டு. '#5' என்று எழுதினால் ஐந்து என்ற எண் என்று அர்த்தம். # இல்லாமல் வெறும் '5' என்று எழுதினால், ஐந்தாம் நம்பர் வீட்டுக்குப் போய் அங்கே எத்தனை பேர் இருக்கிறார்களோ அந்த எண்ணிக்கையைக் கொண்டு வா என்று அர்த்தம். இரண்டுமே சரியான உத்தரவுதான். அதனால்தான் நாம் எழுதியதைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் அசெம்ப்ளர் வாய் திறப்பதில்லை. நாம் எண்ணைச் சொன்னோமா, வீட்டைச் சொன்னோமா என்பது நம் பாடு.

என் படிப்பு, பயிற்சி எல்லாம் நாலு வரியில் அடங்கிவிடும். அப்பா கட்கி ஃபாக்டரியில் டர்னர், சொந்த ஊர் வேலூருக்குப் பக்கம். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. வகுப்பில் பெண்கள் மூன்று பேர், அதில் சால்டரிங்கில் கை சுடாமல் வெளியே வந்தவள் நான் ஒருத்திதான். இரண்டு வருஷம் ஒரு ரேடியோ கம்பெனியில் சர்க்யூட் சோதித்துவிட்டு, கசார்வாடியில் பாபட் சாரின் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். தகரக் கூரை, பதினொரு பேர். தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டும் கன்ட்ரோல் கார்டுகள் செய்தோம். கார்டுக்குள் ஓடும் புரோகிராமை எழுதுவது என் வேலை. நன்றாகவே எழுதுவேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

பாபட் சார் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த புரோகிராமும் சிப்பில் ஏறும் முன், முழுவதையும் இரண்டு பேர் உட்கார்ந்து படிக்க வேண்டும். வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். மர ஸ்கேலை எடுத்து என் எதிரில் உள்ள தாளில் முதல் வரிக்கு அடியில் வைக்கச் சொல்வார். எழுதியவள் நான் என்பதால், நான் எழுதின வரியை நானே படிக்கக் கூடாது. அசெம்ப்ளர் அச்சடித்துத் தரும் பட்டியலில் இடது பக்கம் சிப்புக்குப் புரியும் எண்கள் இருக்கும், அதை மட்டும்தான் படிக்க வேண்டும். வலது பக்கத்தை ஒரு அட்டையால் மறைத்துவிடுவார்.

"B4, 03" என்று நான் படித்தால், கேட்பவர் "ஆக்டா" என்பார். மராத்தியில் எண் என்று பொருள். "B5, 03" என்று படித்தால் "பத்தா" என்பார், அதாவது முகவரி. B4, B5 இரண்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டளைகள். நாம் # போட்டால் அசெம்ப்ளர் B4 என்று எழுதும், போடாவிட்டால் B5 என்று எழுதும். சொன்ன பிறகு கேட்பவர் தன் கையில் இருக்கும் மூலத்தைப் பார்த்து, நினைத்ததும் வந்ததும் ஒன்றுதானா என்று டிக் அடிப்பார். ஆயிரம் வரி இருந்தால் ஆயிரம் வரியும் இப்படித்தான். ஒரு வரி மாற்றினாலும் மறுபடி முதலிலிருந்து.

"எழுதினவன் படிச்சா, இல்லாததையும் சேர்த்துப் படிச்சிடுவான்" என்பார் சார்.

படித்து முடித்து சிப்பில் ஏற்றியதும், அதன் கண்ணாடி ஜன்னலை மூட ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவோம். வெளிச்சம் பட்டால் புரோகிராம் அழிந்துவிடும். அந்த ஸ்டிக்கரில் இரண்டு எழுத்து இருக்கும், படித்தவர் ஒன்று, கேட்டவர் ஒன்று. என் கார்டுகளில் R, B என்று இருக்கும். ரேணுகா படித்தாள், பாபட் கேட்டார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு ரப்பர் தொழிற்சாலை. அங்கே ரப்பரை அச்சில் வைத்து அழுத்தி, சூட்டில் வேகவைத்து எடுக்கும் ஹைட்ராலிக் பிரஸ்களுக்கு நாங்கள் கார்டு செய்தோம். பிரஸ் இறங்க வேண்டுமானால் இரண்டு பொத்தான்களையும் இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு கையை எடுத்தாலும் உடனே நிற்க வேண்டும். கை அச்சுக்குள் போகக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

கார்டு போய்ச் சில வாரத்தில் புகார் வந்தது. இயந்திரத்தின் அதிர்வில் பொத்தான் ஒரு கணம் விட்டுச் சேர்கிறது, கார்டு அதையும் கை எடுத்ததாக நினைத்துப் பிரஸ்ஸைத் தேவையில்லாமல் நிறுத்துகிறது. சின்ன விஷயம். நூறில் ஒரு பங்கு விநாடி கணக்கில் மூன்று தடவை பொத்தான் திறந்திருந்தால் நிறுத்து என்று எழுதியிருந்தேன். மூன்றை ஐந்தாக்கினால் போதும். எண்ணாக எழுதாமல் FILTER என்று பெயர் வைத்து, FILTER என்றால் 5 என்று மேலே ஒரு வரி எழுதிவிட்டு, பழைய வரியில் '#3' இருந்த இடத்தில் FILTER என்று அடித்தேன். சிப்பை வாங்கிப் போக ரப்பர் தொழிற்சாலை ஆள் வாசலில் நிற்கிறான். பாபட் சார் ஒரு கல்யாணத்துக்கு சதாரா போயிருந்தார். ஒரே ஒரு வரி. பெஞ்சில் ஓட்டிப் பார்த்தேன், கையை எடுத்தால் பிரஸ்ஸுக்கான விளக்கு டக்கென்று அணைந்தது. சிப்பில் ஏற்றி, ஸ்டிக்கர் ஒட்டி, R என்று எழுதினேன். பக்கத்தில் B என்றும் நானே எழுதினேன்.

நாலு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள் அந்தத் தொழிற்சாலையில் பாண்டுரங் என்ற ஆபரேட்டருக்கு இடது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது.

அவர்களுடைய ஒர்க்ஸ் மேனேஜர் எங்களுக்குப் போன் செய்தார். சில ஆபரேட்டர்கள் வேலை சீக்கிரம் முடிய ஒரு பொத்தானை ரப்பர் துண்டால் கட்டிவிட்டு ஒரு கையால் ஓட்டுவார்கள். பாண்டுரங்கும் அப்படித்தான் செய்திருப்பான், இயந்திரத்துக்கு அடியில் ரப்பர் துண்டு கிடந்தது என்றார். ரப்பர் தொழிற்சாலையில் ரப்பர் கிடக்காமல் வேறு என்ன கிடக்கும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. விசாரணை நடக்கிறது, ஆளை வேலையிலிருந்து எடுக்கப் போகிறோம், "உங்க கார்டு சரியா இருக்குன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்தா போதும்" என்றார்.

பாபட் சார் என்னிடம் சோதித்துப் பார்க்கச் சொன்னார். அதே புரோகிராமைப் பெஞ்சில் ஓட்டினேன். வேகும் நேரம் எப்போதும் போல நூற்றிருபது விநாடி வைத்தேன். ஐம்பது தடவை கையை எடுத்தேன், ஐம்பது தடவையும் நின்றது. லெட்டரை டைப் அடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு சனிக்கிழமை.

ஞாயிறு காலை அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைக் கேட்டார்.

"அந்த ஆளு இன்னா சொல்றான்?"

"கைய எடுத்துட்டேன், அப்புறமும் வந்துச்சுங்கிறாராம்."

"யார் சொன்னது?"

"மேனேஜர்."

"நீ அவனாண்ட கேட்டியா?"

நான் இன்னொரு இட்லியை அவர் தட்டில் வைத்தேன்.

"மெஷினாண்ட நின்னவன் ஒருத்தன். அவன கேக்காம நீங்கல்லாம் லெட்டர் எழுதுறீங்க. நல்லாக்குது" என்று சொல்லிவிட்டுச் சட்னி கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, என் வேலையில் இவர் என்ன சொல்வது என்று. ஆனாலும் கிளம்பினேன்.

பாண்டுரங் வீடு கசார்வாடி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சாலில், அதாவது ஒற்றை அறைகள் வரிசையாக இருக்கும் குடியிருப்பில், இருந்தது. ஒரே அறை. கையில் பெரிய கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மனைவி மங்கல் ஸ்டவ் பக்கத்தில் இருந்தாள். அவர்கள் பேசியது மராத்தியில், நான் தமிழில் எழுதுகிறேன். 'தாயி' என்றால் அக்கா.

நான் யார் என்று சொன்னதுமே மங்கல்தான் பேசினாள். "தாயி, நீங்களாவது சொல்லுங்க. ரப்பர் கட்டினேன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டா வேலையாவது மிஞ்சும். பிடிவாதமா உட்கார்ந்திருக்காரு. அவசரம், எப்பவும் அவசரம் இவருக்கு. விரலும் போச்சு, இப்ப சோறும் போகப் போகுது."

பாண்டுரங் அவளைப் பார்க்கவே இல்லை. என்னிடம், "நான் கட்டல தாயி. ரப்பர் கொஞ்சம் கோணலா இருந்தது. கையை எடுத்தா நிக்கும்னு தெரியும், எத்தனையோ தடவை நின்னிருக்கு. எடுத்தேன், நேர் பண்ணப் போனேன். நிக்கல" என்றார்.

"அன்னிக்கு என்ன பீஸ் ஓட்டினீங்க?"

"வாஷர். மெல்லிசு. புது ஆர்டர், அன்னிக்குத்தான் முதல் நாள். இருபது செகண்ட்தான் வேகணும்."

இருபது. அந்தத் தொழிற்சாலையில் அதுவரை ஓடியதெல்லாம் தடித்த பேட்கள், நிமிஷக் கணக்கில் வேகும். நானும் பெஞ்சில் நூற்றிருபதுக்குக் கீழே வைத்ததே இல்லை. ஆனால் வேகும் நேரத்துக்கும் கையை எடுப்பதற்கும் என் புரோகிராமில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இருக்கக் கூடாது. அப்படி நினைத்துக்கொண்டேதான் அங்கிருந்து எழுந்தேன்.

நேரே பட்டறைக்கு நடந்தேன். வாட்ச்மேனிடம் சாவி வாங்கித் திறந்து, பெஞ்சில் நேரத்தை இருபது விநாடிக்கு மாற்றினேன். இரண்டு பொத்தானையும் அழுத்தி, இடது கையை எடுத்தேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினேன். மூன்று சொல்வதற்குள் அணைந்தது. மறுபடி செய்தேன். இரண்டரை விநாடி. அவ்வளவு நேரத்தில் பிரஸ் எவ்வளவு இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

பட்டியலை எடுத்தேன். வலது பக்கத்தை அட்டையால் மறைத்து, ஸ்கேலை வைத்து, தனியாக உட்கார்ந்து படித்தேன். அந்த வரி வந்தது. B5, 05. "பத்தா" என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

FILTER முன்னால் # இல்லை. ஐந்து என்ற எண்ணோடு ஒப்பிடாமல், ஐந்தாம் வீட்டில் இருப்பதோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தது என் புரோகிராம். ஐந்தாம் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது எனக்கு உடனே தெரிந்தது, குடிவைத்தவளே நான்தானே. வேகும் நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு விநாடி கணக்கில் வைத்திருந்தேன். ஒரு வீட்டில் 255-க்கு மேல் அடங்காது, அதனால் பெரிய எண்ணை 256-ஆல் வகுத்து, ஈவை ஒரு வீட்டிலும் மீதியை இன்னொரு வீட்டிலும் வைப்போம். மேல் பைட், கீழ் பைட் என்பது அதுதான். மேல் பைட் ஐந்தாம் வீட்டில் இருந்தது. நூற்றிருபது விநாடி என்றால் 1200, அதில் மேல் பைட் 4. ஐந்துக்குப் பதில் நாலு, யாருக்குத் தெரியும்? பெஞ்சில் அழகாக நின்றது. இருபது விநாடி என்றால் 200, மேல் பைட் பூஜ்யம். பொத்தான் திறந்திருந்த தடவைகளின் எண்ணிக்கை ஒன்றிலிருந்து ஏறி, 255 தாண்டித் திரும்பப் பூஜ்யத்துக்கு வரும் வரை பிரஸ் நிற்காது. அதற்கு இரண்டரை விநாடி.

வெட்கம், பயம் எல்லாம் பிறகுதான் வந்தது. முதலில் செய்தது, அந்தத் தொழிற்சாலைக்கு ஓடி, ஞாயிறு ஷிஃப்ட்டில் எங்கள் கார்டில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பிரஸ்களின் ஃப்யூஸையும், அதில் ஒன்றின் சிப்பையும் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டது. சூப்பர்வைசர் சத்தம் போட்டார். "நாளைக்கு பாபட் சார்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் முப்பது வருஷத்தில் நான் செய்த சரியான காரியங்களில் அதுவும் ஒன்று என்று இன்றைக்கும் சொல்வேன்.

திங்கள் காலை பாபட் சார் மேஜையில் பட்டியலையும் சிப்பையும் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பட்டியலைப் பார்க்கவில்லை. சிப்பை எடுத்து ஸ்டிக்கரைப் பார்த்தார்.

"B இருக்கு. என் கை இல்லையே."

"நான் எழுதினேன் சார்."

சிப்பை மேஜைமேல் வைத்தார். பிறகு மிக மெதுவாக, "நீ போன் பண்ணியிருந்தா பந்தியில பாதியில எழுந்து வந்திருப்பேன்" என்றார். அவர் வந்திருப்பார் என்பது எனக்கு அந்த நாளிலேயே தெரியும். அதனால்தான் போன் செய்யவில்லை. ஒரு வரிக்காக அவரை இழுக்க வேண்டுமா, என் கைக்கு இது தெரியாதா என்ற திமிர். அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

லெட்டரைப் புதிதாக எழுதினேன். கார்டில் தவறு இருந்தது, கையை எடுத்த பிறகும் பிரஸ் இரண்டரை விநாடி இறங்கியது, ஆபரேட்டர் சொன்னது சரி. சார் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஸ்டிக்கர் விஷயம் எங்கே?"

"அது நம்ம உள் விவகாரம் சார்."

"இல்ல. சோதிச்சதுன்னு நம்பித்தான் அவன் கையை உள்ளே விட்டான். அதையும் எழுது."

எழுதினேன். கீழே நான் கையெழுத்துப் போட்டேன், பக்கத்தில் அவர் போட்டார். ஒரு வருஷம் என் எழுத்து எந்த ஸ்டிக்கரிலும் வராது என்றார். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன், சொல்லவில்லை. அந்த ஒரு வருஷம் நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் வேறு ஒருவர் படித்தார், சார் கேட்டார், நான் பக்கத்தில் கை கட்டி உட்கார்ந்திருந்தேன். இன்னும் இருபத்திரண்டு வருஷம் அங்கேயே வேலை செய்தேன். ஒரு B5 கூட இடம் மாறி வெளியே போகவில்லை.

ஒர்க்ஸ் மேனேஜருக்கு அந்த லெட்டர் கசந்தது. இங்கிலீஷில் இருந்ததை இரண்டு தடவை படித்துவிட்டு, "இதுக்கு உங்களை யார் கேட்டா?" என்றார். "நீங்கதான் கேட்டீங்க" என்றார் பாபட் சார். விசாரணையை மூடினார்கள். பாண்டுரங்கைத் திரும்ப எடுத்து, சரக்குச் சோதிக்கும் பிரிவில் போட்டார்கள். வெளியே வந்ததும் சார், "பேப்பர் இங்கிலீஷ்ல இருக்கு. அவன் வீட்ல போய் யார் சொல்றது?" என்றார். பதில் எதிர்பார்க்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சாலில் கதவு திறந்திருந்தது. மங்கல் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள், பாண்டுரங் அதே கட்டிலில். உட்காரச் சொன்னாள், நான் உட்காரவில்லை.

"அவர் ரப்பர் கட்டல. கையை எடுத்துட்டார். எடுத்த பிறகும் மெஷின் வந்தது. அதை எழுதினது நான். நான் தப்பா எழுதினேன். யாரும் பார்க்காததைப் பார்த்ததா நானே இன்னொருத்தர் பேரையும் போட்டேன்."

மங்கல் முறத்தைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பாண்டுரங் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் நிறைந்திருந்தது.

"ஆஸ்பத்திரியில படுத்திருந்தவரைத் திட்டினேன்" என்றாள் மங்கல். "கட்டு மாத்தும்போது திட்டினேன். என் அம்மா வீட்டு ஆளுங்க முன்னாடி திட்டினேன். இருபது நாளா இவருக்குச் சோறு போடும்போதெல்லாம் திட்டினேன். அப்ப அதெல்லாம் உங்களைத் திட்டியிருக்க வேண்டியது."

"ஆமா" என்றேன்.

அவள் எழுந்து நின்று திட்டினாள். பக்கத்து அறைக்காரர்கள் கதவோரம் வந்து நின்றார்கள். எனக்குத் தெரிந்த மராத்தி பாதிக்குக்கூடப் போதவில்லை. பாண்டுரங் ஒரு தடவையும் குறுக்கே பேசவில்லை. அவள் முடிக்கும் வரை நின்று கேட்டேன்.